டிரைவர் சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி

பேட்டரி வேலை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கை, அதைக் கொஞ்சமும் நம்பாத ஆளுக்கு நிரப்பிக் கொடுக்கிற வேலை. டயர் கடைக்காரரிடம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. டயர் உருண்டையாகக் கண்ணெதிரே கிடக்கிறது. துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்க்கலாம். என்னிடம் வந்தவர்கள் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் தும்மிக்கொண்டே அலைந்தார். உள்ளே சார்ஜ் இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் ஒப்புக்கொண்டதில்லை. நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவராக இருந்தால் என் கஷ்டத்தை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு சார்ஜர், கண்ணாடிக் குடுவையில் ஆசிட், ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஒரு ஹைட்ரோமீட்டர், நான். எழுபதுகளின் நடுவில் ஆரம்பித்து எண்பதுகள் முடிகிறவரை அங்கேதான் இருந்தேன். எத்தனையோ வண்டிகள் வந்தன. ஆனால் நினைத்துப் பார்த்தால் மனதில் நிற்பது ஒரே ஒரு லாரி, அதன் முதலாளி, அதன் டிரைவர்.

புதுச் சட்டை

அதற்கு முன்னால் என் சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஆசிட் நல்ல குணமுள்ளது. துணியில் பட்டதும் ஒன்றும் செய்யாது. கல்யாண வீட்டில் எல்லோரும் பார்க்கிறவரை பொறுமையாக இருக்கும். வீட்டுக்கு வந்து துவைக்கப் போட்டால்தான் பட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக உதிரும்.

மச்சினன் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் கிளம்பவில்லை. "சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார்கள். பார்வைதான் பார்த்தேன். மறுநாள் என் மனைவி கோமதி அந்தச் சட்டையை வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தாள். அது வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. "இனிமே ஒங்களுக்குத் துணி எடுக்க வேண்டாம், ஒரு கொசுவலைய வாங்கித் தச்சுப் போட்டுருவோம்" என்றாள்.

ஜோடிக் காளை

நெல்லையப்பன் முதலாளி பழைய பண்ணையார் குடும்பம். கோவில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அவர்களுடையது. கொஞ்சம் வயலை விற்று லாரி வாங்கியிருந்தார். போகும்போது கொல்லத்துக்கு வைக்கோல், வரும்போது மரத்தடி. வயலை விற்றாலும் மனது வயலில்தான் இருந்தது. மாட்டைப் போல லாரியைப் பல் பிடித்துப் பார்க்க முடியவில்லையே என்கிற குறை அவருக்குக் கடைசிவரை உண்டு.

அந்த லாரிக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றோடொன்று கோத்து மாட்டியிருக்கும். அதில் ஒன்று செத்துப்போனது. மற்றது மூன்று வருடக் கிழம். "ரெண்டையும் சேத்தே மாத்துங்க, ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாசம் வந்ததாப் பாத்து எடுத்துத் தாரேன். பழசையும் புதுசையும் கோத்தா பழசு சார்ஜப் பிடிக்காது, புதுசு நெறையாது, ரெண்டும் சேந்து படுத்துரும்" என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சரி, அவர் வழிக்கே போவோம் என்று, "கெழட்டுக் காளையையும் எளங்காளையையும் ஒரு நொகத்துல பூட்டுவீயளா மொதலாளி?" என்று கேட்டேன்.

"ஒரு காளை செத்துட்டுன்னா, உசுரோட நிக்கிற காளையையும் சேத்தா வே பொதைப்பாவ?" என்றார். ஒரு பேட்டரியைத்தான் வாங்கினார். ஆறு மாதத்தில் நான் சொன்னபடியே இரண்டும் படுத்தன. இப்போதாவது என் வார்த்தைக்கு மதிப்பு வரும் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலாளி பழைய பேட்டரியை வாஞ்சையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருசம் கல்லு மாதிரி இருந்துது. உம்ம புதுசு காலெடுத்து வச்ச நேரம் வே, இதையும் சேத்துத் தின்னுட்டு."

மூலிகைத் தண்ணீர்

டிரைவர் பெயர் ராகவன். செங்கோட்டைக்காரன், முப்பது வயதிருக்கும். அம்மா பிறந்த ஊர் புனலூர்ப் பக்கம் என்பதால் தமிழ் பேசும்போது நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். நல்ல ஓட்டக்காரன். மலைப்பாதையில் அவன் வண்டியைத் திருப்புவதைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு போகிறவனைப் போல இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது.

சாரல் காலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குற்றாலத்தில் குளிக்காமல் அவன் ஊர் திரும்பியதில்லை. அந்த வருடம் வண்டி அடிக்கடி கிளம்ப மறுத்தது. பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே ஆசிட் வாசனைக்குப் பதில் சீயக்காய் வாசனை வந்தது. தண்ணீருக்கு மேலே எண்ணெய் மின்னியது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனதால், ஐந்தருவிக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பிடித்து ஒரு மாதமாக ஊற்றியிருக்கிறான். மேலே எத்தனை பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்களோ, அத்தனை பேர் அழுக்கும் பேட்டரியின் ஆறு குழிக்குள்ளும் இருந்தது.

இப்படிச் செய்யலாமா என்று நான் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, டிரைவர் பக்கம் நின்றார். "மலையில இருக்கிற மூலிகையெல்லாம் தொட்டுட்டு வார தண்ணி வே அது. கோட்டி பிடிச்சவனே அதுல குளிச்சாத் தெளிஞ்சு எந்திரிக்கான், ஒரு பேட்டரி தெளியாதா?"

சரிவு பார்த்துச் சாயா

பேட்டரி வாங்குவதைத் தள்ளிப்போடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கலாம். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு தடவை நானும் அந்த லாரியில் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு வரை போனேன். வழியில் மூன்று நல்ல சாயாக் கடைகளை ராகவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினான். நாலாவது கடை ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கே நிறுத்தினான். சக்கரத்துக்குக் கல் வைத்தான். சாயா புளித்த கஞ்சியை நினைவூட்டியது. வடையைக் கடிக்க முயன்றேன். அது என்னைக் கடித்தது.

கிளம்பும்போதுதான் விஷயம் புரிந்தது. கல்லை எடுத்துவிட்டு வண்டியைச் சரிவில் உருளவிட்டு, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாலு மாதமாக இப்படித்தானாம். அவனுக்கு அந்தப் பாதையில் இருந்த ஒவ்வொரு இறக்கமும் மனப்பாடம். எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் மட்டும் ரோடு தட்டை. வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொன்னால், பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அவர்கள் தள்ளிக்கொண்டே எங்கள் வம்சத்தை விசாரித்தார்கள்.

"நல்ல சாயா குடிச்சு எத்தன நாளாச்சுடே?" என்று கேட்டேன். ராகவன் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "சாயா எங்கன வேணும்னாலும் கிட்டும் அண்ணாச்சி. பின்னே, சரிவு கிட்டுமா?"

ஊதுகுழல்

ஒருவழியாக ஜோடியாக இரண்டு புதுப் பேட்டரி வாங்கினார் முதலாளி. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். உடனே அவர் லாரியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, யாரோ சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, எஞ்சினுக்கு டர்போ மாட்டிக்கொண்டு வந்தார். அப்போது எங்கள் பக்கம் டர்போ என்ற சொல்லே புதிது. எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கிற சாமான் அது. ராகவன் அதை ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டான். "அடுப்புக்கு ஊதுகுழல் வச்ச மாதிரி" என்றான்.

மேட்டில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. ஆனால் அதை மாட்டியவர்கள் சூடான புகைக்குழாயைப் பேட்டரிப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோயிருந்தார்கள். மலை ஏறி இறங்கினால் குழாய் பழுக்கக் காய்ந்துவிடும். வாரம் ஒரு தடவை பேட்டரித் தண்ணீர் வற்றியது. மேலே அடைத்திருந்த தார் உருகிப் பாகு மாதிரி வழிந்தது. இப்படியே போனால் ஒரு கோடைக்குத் தாங்காது, பேட்டரியை இந்த இடத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றேன்.

முதலாளி பேட்டரி மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம வீட்டுல இட்லி வேகுற சூடுதான் வே இது. இதுக்குப்போயி எடத்த மாத்துங்கீரு!"

கன்னி மூலை

இரண்டு பேட்டரியும் ஒரு தடவை வெந்து தணிந்த பிறகு இடம் மாற்றச் சம்மதித்தார். எங்கே என்பதுதான் கேள்வி. புகைக்குழாய் வலது பக்கம். அதனால் இடது பக்கம், வண்டியின் அடிச்சட்டமான சேஸின் நடுவில் வைப்பதுதான் சரி. ஆனால் அங்கே ஒரு சாமான் பெட்டி இருந்தது. அதன்மேல் அவர் குலதெய்வத்தின் பெயரைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். அதைக் கழற்றக் கூடாது. பின்னால் கடைசியில் வைக்கலாமா என்றார். அங்கே ஆட்டம் அதிகம், உள்ளே தகடெல்லாம் உதிர்ந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கன்னி மூலையில வைக்கணும்" என்றார்.

வீட்டுக்குத் தென்மேற்கு மூலை கன்னி மூலை. லாரிக்கு எது என்று நானும் மரியாதையாகத்தான் கேட்டேன். "கொல்லத்துக்குப் போகையில ஒரு மூலை வரும், திரும்பி வரையில எதிர் மூலை வரும். மலைப்பாதையில வளைவுக்கு வளைவு மாறும். பேட்டரியத் தலையில வச்சுக்கிட்டு யாராவது வண்டிக்குள்ள சுத்திச் சுத்தி வந்தாத்தான் உண்டு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேபினுக்குள் ஏறி அங்குமிங்கும் பார்த்தார். டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

சீட்டுக்கு அடியில் வேண்டாம் என்று சொன்னேன். சீட்டின் இரும்புச் சட்டம், ஸ்பிரிங், பேட்டரி கொதிக்கிறபோது வருகிற வாயு, எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் போட்டு மூடும் என்றார். என்னால் முடியாது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவர் போனால் அவர் பின்னாலேயே ஊரில் நாலு லாரி போய்விடும் என்று ஒரு பயம். லாரி டியூபை வெட்டி இரண்டு மடிப்பாக, வயர் மாட்டுகிற டெர்மினல் மேல் போட்டுக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளி திருப்தியாகச் சொன்னார்: "டிரைவருக்குக் கீழ எடம் சும்மாதானே வே கெடக்கு."

மூன்று வளைவு

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கே அந்த வேலை மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், கேரளாவிலிருந்து வந்த வேறு லாரி டிரைவர் ஒருவர் கடை முன்னால் நிறுத்தி, இறங்காமலேயே கத்தினார். "அண்ணாச்சி, ஒங்க ராகவன் வண்டி மலையில புகைஞ்சிட்டு. ஆளப் புளியறையில ஒரு சாப்பாட்டுக் கடையில கெடத்தியிருக்காவ."

பஸ் பிடித்துப் போனேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கடையில் ஒரு பெஞ்சில் ராகவன் குப்புறக் கிடந்தான். தொடையின் பின்பக்கம் வாழையிலை போட்டு மூடியிருந்தார்கள். கடைக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். வண்டி நிறைய மரத்தடி. இறக்கத்தில் வரும்போது சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. அடுத்த நொடி சீட்டு ஸ்பிரிங் பழுக்கக் காய்ந்துவிட்டது. எழுந்து நின்றால் பிரேக்கை முழுக்க மிதிக்க முடியாது. உட்கார்ந்தால் தொடை வேகும். குதித்துவிடலாம்தான். ஆனால் கீழே வளைவில் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பாதி எழுந்து, ஸ்டீயரிங்கில் நெஞ்சை முட்டுக்கொடுத்து, பிரேக் வேண்டும்போதெல்லாம் அந்த நெருப்பிலேயே உட்கார்ந்து, மூன்று வளைவு இறக்கிக் கொண்டுவந்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறான். பஸ்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்களாம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வயரைப் பிடுங்கியதும் அவன்தானாம்.

நான் குனிந்து "ராகவா" என்றேன். அவன் முகத்தைத் திருப்பாமல், பெஞ்சுக் கட்டையைப் பார்த்தபடியே சொன்னான்: "பேட்டரி நல்ல சார்ஜ்ல இருக்கு அண்ணாச்சி."

ஒரு துண்டு டியூப்

இந்தப் பகுதியில் கேலி செய்ய எனக்கு யாரும் கிடைக்கவில்லை, என்னைத் தவிர. ராகவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, லாரி நின்ற இடத்துக்கு ஏறிப் போனேன். சீட்டின் மிச்சத்தைத் தூக்கினேன். நான் வெட்டிப் போட்ட டியூப் கருகிக் கிடந்தது. கருகாமல் தப்பிய ஒரு துண்டில், ஸ்பிரிங்கின் முனை நாலு மாதமாக உரசி உரசிப் போட்ட ஓட்டை இருந்தது. ஒரு பத்துப் பைசா அளவுகூட இல்லை. அது வழியாகத்தான் ஸ்பிரிங் டெர்மினலைத் தொட்டிருக்கிறது. வெந்த டெர்மினலைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லலாம். வயர் பழசு என்று சொல்லலாம், டைனமோ கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அந்தத் துண்டை ஓடையில் எறிந்தால் என் பெயர் வராது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நின்றேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலாளி எனக்கு முன்பே வந்திருந்தார். விபூதிப் பொட்டலமும் சாத்துக்குடியும் கட்டிலில் இருந்தன. ராகவன் குப்புறப் படுத்திருந்ததால் விபூதியைப் பிடரியில் பூசியிருந்தார். "எல்லாம் சனி பண்ணுத வேலை. பரிகாரம் பண்ணிட்டா சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டியூப் துண்டை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். "சனி இல்ல மொதலாளி. இதான். அங்கன வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே வச்சேன். தப்பு என்னுதுடே ராகவா" என்றேன்.

முதலாளி அந்த ஓட்டையைப் பார்த்தார். அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். விபூதிப் பொட்டலத்தை எடுத்து மடித்து மடியில் செருகிக்கொண்டார். ராகவன்தான் பேசினான், மரியாதையாகவே பேசினான். "வண்டி எடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. பின்னே, மொதல்ல நீங்க ரெண்டு பேரும் அந்த சீட்டுல மாறி மாறி உக்காந்து கொல்லம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க, நான் எடுக்கேன்."

அடுப்பு வண்டி

முதலாளி எங்கள் சொல்லைக் கேட்டு உடனே திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் வாடிக்கையாளர் என்ற இனத்தோடு பழகியதே இல்லை. சீட்டை மட்டும் புதிதாகத் தைத்துப் போட்டு, வேறு டிரைவர் தேடினார். செங்கோட்டையில் தேடினார், கடையநல்லூரில் தேடினார், திருவேங்கடத்திலிருந்து ஒருத்தரை பஸ்செலவு கொடுத்து வரவழைத்தார். வந்தவர்கள் எல்லோரும் நேரே போய் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஊரில் ஏதோ ஒரு சாவு இருப்பது ஞாபகம் வந்து கிளம்பிப் போனார்கள். அடுப்பு வண்டி என்று லாரிக்குப் பெயர் வந்துவிட்டது. இருபது நாள் அது அவர் வீட்டுக் காம்பவுண்டில் நின்றது. கோழிகள் மட்டும் பயமில்லாமல் உள்ளே ஏறி இறங்கின.

இருபத்தோராவது நாள் காலையில் முதலாளி என் கடைக்கு நடந்து வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சார்ஜரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நானே ஓட்டிப் பாத்துரலாம்னு நேத்து ஏறி உக்காந்தேன் வே" என்றார்.

"உக்காந்து?" என்றேன்.

"உக்கார முடியல" என்றார். ராகவனின் தொடையைக் கட்டுப் பிரிக்கும்போது பார்த்திருக்கிறார் போல. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பாமலே சொன்னார்: "அந்தச் சாமான் பெட்டியக் கழத்தும். எங்கன வைக்கணும்னு உமக்குத் தோணுதோ, அங்கன வையும்."

இடது பக்கம்

இரண்டு நாள் வேலை. வெல்டர் மைதீன் ஆங்கிள் இரும்பில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தார். கொண்டுபோய் இடது பக்கச் சேஸில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினோம். புகைக்குழாய் அந்தப் பக்கம், பேட்டரி இந்தப் பக்கம். இடையில் லாரியே இருந்தது. அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டேன், ஆட்டம் தாங்க. அதன்மேல் மரப்பலகை. தண்ணீர் வழிய ஓட்டை. டெர்மினலுக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி; இந்தத் தடவை நானே மூன்று தடவை அளந்தேன். பேட்டரி இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதம்.

தூரம் கூடியதால், எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாருக்குப் பெருவிரல் தடிமனுக்கு வயர் போட்டேன். மெல்லிய வயரை இழுத்தால் போகிற வழியிலேயே பாதி பலம் போய்விடும். முதலாளி வயரைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஆனால் கழற்றிய சாமான் பெட்டியை, ஒரு பக்கமாக வெயிலில் கிடந்த குலதெய்வத்தின் பெயரை, பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சாமி கோவிச்சுக்கிட மாட்டாரா?" என்று பொதுவாகக் கேட்டார். ஊன்றுகோலோடு வந்து நின்ற ராகவன் பதில் சொன்னான். "சாமிக்கு வெயிலு பழக்கந்தான் மொதலாளி. எனக்குத்தான் சூடு பழக்கமில்ல."

குளிரில் ஒரு சாவி

ராகவன் மறுபடி வண்டியில் ஏறியது சாரல் காலத்தில். காலையிலேயே தூறல். மலையிலிருந்து வருகிற காற்றில் கைவிரல் விறைத்தது. ஒரு மாதமாகக் கிளப்பாத டீசல் எஞ்சின் அந்தக் குளிரில் பிடிவாதம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாளி தேங்காயோடு நின்றார். தள்ளுவதற்கு என்று நாலு பேரை வேறு கூட்டி வந்திருந்தார்; என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.

ராகவன் மெதுவாக ஏறினான். சீட்டில் உட்காரும் முன் ஒரு நொடி நின்றான். கையை வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அந்தச் சாய்வு அவனைவிட்டுப் போகவே இல்லை. என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் சாவியைப் போட்டுச் செல்ஃபை அழுத்தினான். ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. ராகவன் ஜன்னல் வழியாக என்னிடம் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். அது எனக்குப் போதுமாக இருந்தது. தள்ள வந்த நாலு பேரும் ஏமாந்துபோய் நின்றார்கள்.

முதலாளி தேங்காயை உடைத்தார். என்னிடம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நல்ல வார்த்தை ஒன்று வரப்போகிறது என்று நான் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீரா வே! டர்போன்னா டர்போதான்!"

பேட்டரியை எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் போதுமாக இருந்தது; வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் பன்னிரண்டு வருடமும் இன்னொருத்தன் தோலும் வேண்டியிருந்தன.